குருசாமி அத்தானும் பழுப்புக் காளானும்

என் அக்காள் புருஷன் குருசாமிக்கு உலகத்தில் இரண்டே நிறம்தான். வெள்ளை ஒன்று, இன்னும் வெள்ளையாகாதது ஒன்று. இராஜபாளையத்தை ஒட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியில் அவர் சலவைப் பிரிவு சூப்பர்வைசர். தறியை விட்டு இறங்கும்போது அந்தத் துணி பழுப்பேறி, கஞ்சி வாடையோடு கிடக்கும். அதைத் தொட்டியில் வேகவைத்து, மருந்து ஊற்றி, அலசி, புண்ணின் மேல் வைக்கத் தகுந்த வெள்ளையாக மாற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. லேசாக மஞ்சள் தட்டினாலும் திரும்ப வேகவைக்கச் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை; வேட்டியைத்தான் பார்ப்பார். "நீலம் கூடிப்போச்சு" என்று பந்தியில் என் காதோரம் சொல்வார். மகள் பானுப்பிரியா பள்ளிக்கூடம் போன காலத்தில், அவளுடைய சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இவர் தலையாட்டிய பிறகுதான் அந்தப் பிள்ளை அதை மாட்டிக்கொள்ள முடியும்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு பழுப்பு நிற ஜந்துவுக்காக ஆடி மாதம் பூராவும் சோறு இறங்காமல் திரிந்தார் என்று சொன்னால், அவர் கம்பெனியில் யாரும் நம்பமாட்டார்கள். நான் கூடவே திரிந்தவன், அதனால் சொல்கிறேன். என் பெயர் பாண்டிச்செல்வம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அத்தானுக்குக் கோபம் வந்தால் மூக்கே இருக்காது. அதனால்தானோ என்னவோ, நாங்கள் இருவரும் இத்தனை வருஷமாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறோம்.

பானு தூத்துக்குடியில் மீன்வளம் படித்தாள். படித்து முடித்து இராஜபாளையத்துக்கு வந்தபோது கையோடு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாள். அதில் உப்புத் தண்ணீர், கடல் பாறை, இரண்டு ஆரஞ்சு மீன்கள். பாறையின் மேல் காளான் மாதிரி குடை விரித்த ஒரு பழுப்பு உருப்படி. பவளத்தில் அது ஒரு வகையாம். கல் மாதிரி இல்லாமல் சதையாக இருக்கும். காலையில் குடை முழுக்க மெல்லிய விரல்களை நீட்டும். விளக்கை அணைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். "வெளிச்சந்தான் மாமா இதுக்குச் சோறு" என்று பானு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். தொட்டிக்கு மேலே இதற்கென்றே ஒரு எல்.இ.டி. லைட் தொங்கியது. அத்தான் முதல் நாளே காளானைக் குனிந்து பார்த்துவிட்டு, "இத எந்த மருந்துல போட்டா வெளுக்கும்?" என்று கேட்டார். பானு விழுந்து விழுந்து சிரித்தாள். அது ஏன் பழுப்பாக இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் காளானைக் கொடுத்தவன் கூடப் படித்த ஜெபின் என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், வேலைக்கென்று திரும்பத் தூத்துக்குடிக்குப் போன பானு, அவனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். வேறு மதம், வேறு ஊர், வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அத்தான் தெருவில் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "விடியட்டும். அவன் குடுத்த சனியன தொட்டியோட தூக்கிச் சாக்கடையில கவுக்கலைன்னா என் பேரு குருசாமி இல்ல!"

அன்று சாயங்காலமே பானு அம்மாவைக் கூப்பிட்டாள். என் அக்காள் அய்யம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவாள். ஆகவே வீடு முழுக்கக் கேட்டது. "எனக்குன்னு அப்பாகிட்ட ஒண்ணும் கேக்கலம்மா. அந்தக் காளான மட்டும் கொன்னுற வேண்டாம்னு சொல்லு." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அத்தான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டியிடம் போனார். அக்காள் அடுப்படி வாசலில் நின்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாளாம். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணி வத்திருக்கு" என்று சொல்லி, வாளியில் இருந்த நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று தொடங்கியது, ஒரு வருஷம் ஓடியது. உப்பு கரைப்பதும், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவதும் அவர் வேலை ஆகிப்போயின. தொட்டி, மருந்து, தண்ணீர் என்பதெல்லாம் அவருக்குப் புதுசா என்ன? ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காளின் போனில் காளானைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்புவார். அங்கிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அதற்கு மேல் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு கிடையாது. அந்தக் கட்டைவிரல் வந்து சேரும்வரை இவர் சட்டையைக்கூடப் போடாமல் போனைச் சுற்றிச் சுற்றி வருவார். "அனுப்புனது போயிருச்சா பாரு, போயிருச்சா பாரு" என்று அக்காளின் உயிரை வாங்குவார்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்த வருஷம் அம்மி தப்பித்தது, தெருவில் கம்பி உரசியது. ஒரு மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியாக வந்தபோது கூடுதலாக வந்துவிட்டது. அக்காள் வீட்டில் மிக்சியும் தொட்டி லைட்டும் போயின. பம்பு மட்டும் ஓடியது.

கடையில் நான் ஆடிப்பூரத்துக்கான சீரியல் செட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தேரோட்டம் நெருங்கிவிட்டால் எங்கள் ஊரில் பல்பு விற்கிறவனுக்கு நிற்க நேரம் இருக்காது. அத்தான் லைட்டைத் துண்டில் சுற்றி, அடிபட்ட குருவியைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். உள்ளே கருகிப் போயிருந்தது.

"செத்துப்போச்சு அத்தான்."

"சத்தமாச் சொல்லாத."

"இதுல ஒளிக்க என்ன இருக்கு? பானுகிட்ட ஒரு வார்த்த கேட்டா, எந்த லைட்டு வாங்கணும்னு சொல்லிருவா. போன் போடவா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை. "மாப்ளே, லைட்டு செத்துருச்சுன்னு சொல்லுவேன். நாலு நாள் கழிச்சுக் காளானும் செத்துருச்சுன்னு வையி. அவ என்ன நெனப்பா? கொல்லுவேன்னு தெருவே கேக்கச் சொன்னவன்லே நான். கரண்டு மேல பழியப் போட்டுக் கொன்னுட்டான்னு சாகுற வரைக்கும் நெனப்பா. பொறவு நான் எந்தச் சாமி முன்னால சத்தியம் பண்ணுனாலும் எடுபடுமா?"

அவர் சொன்னது சரிதான். அந்தச் சத்தத்தை நானும் கேட்டவன்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி உண்டு. அவரிடம் சொல்லி, பவளத் தொட்டிக்கான லைட்டில் இரண்டு தினுசு பஸ் பார்சலில் வரச் சொன்னேன். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பலாம் என்று பேச்சு. அது வருவதற்குள் காளான் சாதா டியூப்லைட்டுக்குக் கீழே கிடந்தது. விரல்களை நீட்டவில்லை. குடை ஒரு பக்கமாகத் தொய்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் படம் அனுப்பவில்லை. பானுவிடமிருந்து 'படம் வரல' என்று ஒரு வரி வந்தது. ஒரு வருஷத்தில் அவள் அனுப்பிய முதல் எழுத்து அதுதான். அக்காள், 'போன் சரியில்ல' என்று பதில் போட்டாள். என் அக்காளுக்குப் பொய் சொல்ல வராது, போட்டுவிட்டு அழுதாள். அத்தான் தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

பார்சல் வந்ததும் என் கடைக்கு ஓடிவந்தார். வரும்போது சட்டைப்பையில் இரண்டு துண்டுத் துணி கொண்டுவந்திருந்தார். ஒன்று தறியில் இறங்கிய பழுப்புத் துணி, மற்றது சலவை முடிந்த வெள்ளை. எனக்குச் சிரிப்பு வந்தது. "காளானுக்கு லைட்டு எடுக்க வந்தீயளா, கட்டுப்போட வந்தீயளா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கல்லாவை ஒட்டி இருந்த மேசையில் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். "முதல் லைட்டப் போடு" என்றார்.

முதலாவது முழுக்க நீலம். போட்டதும் கடைக்குள் கடல் புகுந்த மாதிரி இருந்தது. என் உள்ளங்கைகூட நீலமாகத் தெரிந்தது. விளம்பரப் படத்தில் இதற்குக் கீழேதான் பவளங்கள் பச்சையும் ரோஜாவுமாகப் பளபளத்தன. எனக்குப் பிடித்துவிட்டது. அத்தான் குனிந்து இரண்டு துணிகளையும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இது திருட்டு லைட்டு மாப்ளே. ரெண்டு துணிக்கும் வித்தியாசமே தெரியல பாரு. மஞ்சத் துணியையும் நல்ல துணிங்குது. எங்க செக்கிங் ரூமுல ஒருத்தன் இப்பிடி ஒரு லைட்ட மாட்டிட்டு ஒரு லோடு மஞ்சளப் பாஸ் பண்ணி விட்டான். அம்புட்டும் திரும்பி வந்துச்சு. நீலம் இருக்குற எடத்துல நெசம் இருக்காது. எடு அத."

இரண்டாவது ஒரு கறுப்புப் பெட்டி. அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு டிம்மர், ஒன்று வெள்ளைக்கு, ஒன்று நீலத்துக்கு. அத்தான் நீலத்தை அடியோடு குறைத்தார். வெள்ளையைத் திருகிக்கொண்டே போனார். மேசையைப் பார்க்கக் கண் கூசியது. பழுப்புத் துணியின் ஒவ்வொரு கறையும், வெள்ளைத் துணியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தன. அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு வந்தது. "இதுதான் உண்மை பேசுற லைட்டு. இதையே கட்டு."

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. எலெக்ட்ரிக் கடைக்காரன் நான், தாளைப் படிக்காமல் எந்தச் சாமானையும் விற்கமாட்டேன். முதலில் குறைவாக வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. நீலத்தைக் கூடுதலாகவும் வெள்ளையைக் குறைவாகவும் வைக்கும்படியும் போட்டிருந்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"எழுதுனவன் ஒரு வாரம் பட்டினி கெடந்த உசுரப் பாத்தானா?" என்று சீறினார் அத்தான். "அது சோறில்லாமச் சுருண்டு கெடக்கு, கரண்டியில அளந்து போடச் சொல்லுதான். நான் தொட்டியப் பாக்காத ஆளாலே?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் யார் பேசுவது? "எப்பிடியும் போங்க" என்று கத்திவிட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

வீட்டில் மாட்டி, வெள்ளையை முழுசாகத் திருகிவிட்டார். தெருவே வந்து பார்த்தது. தண்ணீரின் நிழல் சுவரில் ஓடியது. மீன்கள் பாறைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. காளான் இன்னும் சுருங்கியது. "மொத அலசுல துணி சுருங்கத்தான் செய்யும்" என்றார். காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கப் போகும்போதுதான் அணைத்தார். பட்டினி கிடந்த பிள்ளைக்கு இரண்டு வேளைச் சோற்றைச் சேர்த்துப் போடுகிற ஆசை.

சில நாட்களில் குடையின் ஓரத்தில் பழுப்பு கலைந்தது. பிறகு நடுவிலும் கலைந்தது. அத்தான் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். குரலில் பண்டிகை தெரிந்தது. "அழுக்கு விடுதுலே! கூடக்கூட வெளுப்பு ஏறுது. இம்புட்டு நாளும் அந்தப் பழைய லைட்டுல அது அழுக்காவே கெடந்துருக்கு. ஞாயித்துக்கிழம வந்து பாரு."

நான் போனேன். உள்ளே நுழைந்ததும் தொட்டியைப் பார்த்தேன், எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாறையின் மேல் அது சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. ஒரு விரல்கூட வெளியே இல்லை.

"அத்தான், இது நல்லால்ல."

"உனக்குப் பொறாம."

"நான் என்ன காளானா வளக்கேன், பொறாமப்பட? அது விரல நீட்டி எம்புட்டு நாளாச்சு?"

"நீட்டும். மொதல்ல சுத்தமாகட்டும்." பக்கவாட்டில் குனிந்து, அழகாக விழுகிற மாதிரி படம் பிடித்தார். ஒரு வருஷமாக மகளுக்கு அழுக்குக் காளானையே காட்டி வந்தவர், இன்றைக்குத் தான் கழுவி எடுத்ததைக் காட்டப் போகிறார். அனுப்பிவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலுக்காகக் காத்திருந்தார்.

கட்டைவிரல் வரவில்லை. போன் அடித்தது.

பானுவின் பெயரைத் திரையில் பார்த்ததும் அவர் போனைக் கீழே போட்டுவிடப் பார்த்தார். அக்காள் பிடுங்கி ஸ்பீக்கரைப் போட்டாள். அதே வீடு, அதே ஸ்பீக்கர். ஒரு வருஷம் கழித்து அந்தக் குரல் வந்தது, வரும்போதே அலறிக்கொண்டு வந்தது.

"லைட்ட அணைங்க! மொதல்ல லைட்ட அணைங்கப்பா!"

அத்தான் அசையவில்லை. நான் பாய்ந்து சுவிட்சைத் தட்டினேன். வீடு சட்டென்று இருண்ட மாதிரி இருந்தது.

"என்னப்பா செஞ்சீங்க? அது வெந்துபோய்க் கெடக்கு. அது பழுப்பா இருக்குறதே உள்ள இருக்குற பாசியாலதான்ப்பா. வெளிச்சத்த வச்சு அதுக்குச் சோறு பொங்கிப் போடுறது அந்தப் பாசிதான். வெளிச்சம் மிஞ்சிப் போய்ப் பாசிய அம்புட்டும் வெளிய துப்பிருச்சு. வெள்ளையாயிருச்சுன்னா சாகப் போகுதுன்னு அர்த்தம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு குரல் இறங்கியது. அந்த இறக்கம் அலறலைவிட மோசமாக இருந்தது. "வேணும்னே செஞ்சீங்களா?"

இதற்குத்தான் அந்த மனுஷர் ஆடி மாதம் முழுக்கப் பயந்தார். இந்த ஒரு கேள்வி வரக் கூடாது என்றுதான் என் கையைப் பிடித்தார், சோற்றை விட்டார், துணியைக் கொண்டுவந்து லைட்டைச் சோதித்தார். அத்தனையும் செய்து, அந்தக் கேள்வியைத் தன் கையாலேயே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். எனக்கு அவள் மேல் அப்படிக் கோபம் வந்தது. ஏட்டி, உங்கப்பன் என்ன பாடு பட்டாருன்னு தெரியுமாட்டி என்று கத்த வாயைத் திறந்தேன். அக்காள் என் தோளை அழுத்தினாள்.

அத்தான் வெள்ளைக் காளானையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், குற்றம் செய்த சின்னப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"வெள்ளையாத்தான பாப்பா ஆச்சு? நல்லாயிருக்குன்னுல்ல நெனச்சேன்."

தொட்டியில் பம்பு ஓடுவது மட்டும் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று அக்காள் குனிந்து திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

"லைட்டு அணைஞ்சே இருக்கட்டும்ப்பா," என்றாள். "நாங்க வாரோம்."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே தொழிலாக வைத்துக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான். பானு பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "லைட்டு கரண்டுல போயிருச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் மாமா. சத்தியம் பண்ணியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா வெள்ளையாகுதேன்னு சந்தோசப்பட்டு ஒரு உசுரச் சாகக் குடுக்குற ஆளு இந்த உலகத்துலயே எங்கப்பா ஒருத்தர்தான். அது நடிப்பு இல்ல. சட்டைய ஜன்னல்ல புடிச்சுப் பாத்தவரு அவரு."

'நாங்க' என்ற சொல் அத்தானின் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. விழுந்திருக்கிறது. சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றதும், பானு செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேரே தொட்டிக்குப் போனாள். ஜெபின் வாசலோடு நின்றுவிட்டான். ஒல்லியான பையன், கையில் ஒரு பை. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கதவின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் அவன் பக்கம் திரும்பாமலே அக்காளிடம் சொன்னார். "வாசல்ல நிக்காங்கல்ல. உள்ள வரச் சொல்லு."

ஜெபின் வந்து தொட்டிக்கு முன் உட்கார்ந்தான். கையை விட்டுக் காளானை லேசாகத் தொட்டுப் பார்த்தான். பஞ்சு மாதிரி தொய்ந்தது. கையை மோந்து பார்த்தான். நாங்கள் எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அழுகல," என்றான். "உசுரு இருக்கு. பொழைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது."

"லைட்ட மாத்திருவோமா?" என்று நான் கேட்டேன்.

"லைட்டு நல்ல லைட்டுதான் மாமா. வச்ச விதந்தான். நீலத்தக் கூட்டி, வெள்ளைய நல்லாக் குறைக்கணும். இந்தப் பெட்டி குறைச்சாலும் கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும். நடுவுல சல்லடை மாதிரி ஏதாச்சும் மடிச்சு மடிச்சுக் கட்டி, வாரம் ஒரு மடிப்பா எடுத்துட்டு வந்தா அதுக்குப் பழகும்." அவன் என்னைப் பார்த்துத்தான் பேசினான். அத்தானைப் பார்க்க அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அத்தான் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். பானுவின் முகம் விழுந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காள் யாரையும் கேட்காமல் காப்பி போட்டாள், ஒருவரும் குடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது வண்டியின் முன்னால் ஒரு கட்டு பேண்டேஜ் துணி இருந்தது. கம்பெனிக்குப் போயிருக்கிறார். இழையும் இழையும் விட்டு விட்டு இருக்கிற அந்தத் துணிதான் உலகத்திலேயே நல்ல சல்லடை. எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தொட்டிக்கு மேலே விரித்து மடித்தார். அகலம் அதிகம், ஒரு ஆளால் இழுத்துக் கட்ட முடியவில்லை. ஒரு முனை வழுகித் தண்ணீரில் விழப் போனது. ஜெபின் எட்டிப் பிடித்தான். இருவரும் இரண்டு பக்கமும் நின்று, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினார்கள். அத்தான் நீல டிம்மரைக் கூட்டினார். திருட்டு லைட் என்று சொன்ன அந்த நீலம் துணிக்குள் வடிந்து இறங்கியது.

பானுவும் ஜெபினும் அன்று ராத்திரியே பஸ் ஏறினார்கள். இருவரும் ஒரே இறால் பண்ணையில் வேலை, மறுநாள் போயாக வேண்டும். அத்தான் போய்வா என்றும் சொல்லவில்லை, மறுபடி வா என்றும் சொல்லவில்லை. காளான் என்ன ஆகும் என்று தெரியாமல் அவர் என்ன சொல்லுவார்? செத்துப்போனால், வேண்டுமென்று கொன்றவன் என்ற பெயர் இல்லாவிட்டாலும், கொன்றவன் என்ற பெயர் மிஞ்சும்.

தேரோட்டம் முடிந்தது. என் கடையில் கூட்டம் வடிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வெள்ளைப் படம் தூத்துக்குடிக்குப் போயிற்று. கட்டைவிரல் வரவில்லை, 'இன்னும் பாப்போம்ப்பா' என்று வந்தது. அத்தான் வாரம் ஒரு மடிப்பை எடுத்தார். கம்பெனியில் ஒரு லாட் துணியைக் காட்டி, "இன்னும் வெளுக்கணுமா சார்?" என்று கேட்ட ஆளிடம், "எதுக்குலே எல்லாம் வெளுத்துக்கிட்டே இருக்கணும்?" என்று எரிந்து விழுந்தாராம். ஆள் பயந்துபோய் முதலாளியிடம் சொல்லியிருக்கிறான், சூப்பர்வைசருக்கு உடம்பு சரியில்லை என்று.

ஆவணி முடிகிற சமயம், கடையைத் திறந்து கல்லாவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அத்தானின் வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். மூச்சு இரைத்தது. முடிந்தது, காளான் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"மாப்ளே, அவரு நம்பரு உங்கிட்ட இருக்கா?"

"எவரு நம்பரு?"

"ஜெபின் நம்பரு."

"என்னத்தான் ஆச்சு? பானுவக் கூப்பிட வேண்டியதான?"

"அவகிட்ட பொறவு சொல்லிக்கிடலாம்." ஹெல்மெட்டுக்குள் அவர் கண் பளபளவென்று இருந்தது. "அடியில, பாறைய ஒட்டி, பழுப்பு வந்துருக்குலே. நெசமான பழுப்பு. துணி வச்சுப் பக்கத்துல புடிச்சுப் பாத்துட்டேன். காலையில ஒரு விரல வேற நீட்டிருக்கு. அவரு குடுத்த உசுருதான அது? அவருகிட்டதான் மொதல்ல சொல்லணும்."

அழுக்கு வந்ததற்குச் சந்தோஷப்பட்டுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவரை, போனில் கேட்டிருக்கலாமே என்று கேலி செய்ய நாக்கு துடித்தது. செய்யவில்லை. நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். மணி அடித்தது. அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். கழற்றி, தலையைத் தடவி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அலோ, யாரு?" என்றான் அவன்.

அத்தான் என்னைப் பார்த்தார்.

"மாமா பேசுதேன்," என்றார்.